கிராஃப்ட் பீர் தொழிலில் இனமும் இடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சிறு பீர் ஆலைகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், அங்கே ஏன் பெரும்பாலும் வெள்ளையர்களையே காண்கிறோம் என்ற கேள்வி சற்று நேரத்தில் வந்துவிடுகிறது. அதையும் அதை ஒட்டி எழும் வேறு சில கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். யார் குடிக்கிறார்கள் என்பதைவிட, யார் காய்ச்சுகிறார்கள், ஆலை யாருக்குச் சொந்தம் என்பவையே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கிராஃப்ட் பீர் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் தயாரிக்காத, கால் பங்கோ அதற்கு மேலோ பெரிய மது நிறுவனங்களின் கைக்குப் போகாத ஆலையையே அமெரிக்கச் சிறு பீர் ஆலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் கிராஃப்ட் ஆலை என்று கணக்கில் எடுக்கிறது. 60 லட்சம் என்பதைக் கேட்டு மலைக்க வேண்டாம். பெரும்பாலான ஆலைகள் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராத சிறு ஆலைகள்தாம். 1970களின் இறுதியில் நாடு முழுவதிலும் நூறுக்கும் குறைவான பீர் நிறுவனங்களே மிஞ்சியிருந்தன. இன்று ஆலைகளின் எண்ணிக்கை 9,000க்கும் மேல்.

இவற்றில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமானவை எத்தனை?

நூற்றுக்கு ஒன்று என்று சொல்வது வழக்கம். புரூவர்ஸ் அசோசியேஷன் 2021ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் அந்த ஒன்றுகூடத் தேறவில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்கும் நாட்டில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் புதிதாக எழுந்த ஒரு தொழிலில் நிலைமை இப்படி இருக்கிறது. பழைய தொழில் என்றால் பழைய சட்டங்களின் மீது பழிபோடலாம். இந்தத் தொழிலோ இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு பிறந்தது.

கறுப்பினத்தவர் இத்தகைய பீரை விரும்புவதில்லை என்பதுதானே எளிய விளக்கம்?

எளிய விளக்கம் என்பது சரி. ஆனால் விருப்பத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கே அந்த வரலாற்றில் விளம்பரத்திற்குப் பெரும் பங்கு இருக்கிறது.

பல பத்தாண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் கறுப்பினக் குடியிருப்புகளைக் குறிவைத்து விற்றது மால்ட் லிக்கர் என்ற மலிவான, போதை கூடிய சரக்கை. கோல்ட் 45 என்ற மால்ட் லிக்கருக்கு 1980களில் நடிகர் பில்லி டீ வில்லியம்ஸ் விளம்பரம் செய்தார். 1991ஆம் ஆண்டு ஹைல்மன் நிறுவனம் பவர்மாஸ்டர் என்ற பெயரில் இன்னும் காட்டமான ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர முனைந்தபோது, கறுப்பின அமைப்புகள் கொதித்தெழுந்தன. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியும் எதிர்த்தார். சில வாரங்களில் அந்தச் சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே காலத்தில் சிறு ஆலைகளோ தங்கள் பீரை வெள்ளையர் வாழும் பகுதிகளில், வெள்ளையர் படிக்கும் இதழ்களில், வெள்ளையர் கூடும் விழாக்களில் அறிமுகம் செய்துகொண்டிருந்தன. ஒரு தெருவுக்கு ஒன்றையும் அடுத்த தெருவுக்கு வேறொன்றையும் முப்பது ஆண்டுகள் விற்றுவிட்டு, பிறகு அவரவர் நாக்கின் ருசி அப்படி என்று சொல்வது நியாயமாகாது.

பீர் என்பது ஐரோப்பிய மரபுதானே?

ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சும் இன்றைய பீர் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. தானியத்தை முளைக்கவைத்து நொதிக்கவிடும் கலை அதைவிட மிகப் பழையது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் சோளத்திலும் கேழ்வரகிலும் பெண்கள் இன்றும் பீர் காய்ச்சுகிறார்கள்.

அமெரிக்காவுக்குள்ளேயே பார்த்தாலும் மரபு அவ்வளவு வெண்மையானதாக இல்லை. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் 1813 முதல் மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தைத் தயாரித்துப் பீர் காய்ச்சியவர் பீட்டர் ஹெமிங்ஸ் என்ற அடிமை. சமையலிலும் தையலிலும் தேர்ந்திருந்த அவர், ஜோசஃப் மில்லர் என்ற ஆங்கிலேயரிடம் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அவருடைய பீரின் பெயர் அக்கம்பக்கத்தில் பரவியது. ஜெஃபர்சன் தம் நண்பர் ஜேம்ஸ் மாடிசனின் ஆளையும் அவரிடம் கற்றுக்கொள்ள அனுப்பும்படி எழுதினார். ஜெஃபர்சன் இறந்தபின் 1827ஆம் ஆண்டு பண்ணையின் உடைமைகள் ஏலத்திற்கு வந்தன. அந்தப் பட்டியலில் 57 வயதான பீட்டரும் இருந்தார். அவரை ஒரு டாலருக்கு வாங்கியவர் உறவினர் ஒருவர். அப்படித்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது. மற்ற பண்ணைகளில் காய்ச்சியவர்களில் பெரும்பாலோரின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. பீட்டரின் பெயர் தப்பியதற்குக்கூட, அவரை வைத்திருந்தவர் நிறையக் கடிதம் எழுதியவர் என்பதே காரணம்.

அறிவியல் பக்கம் யாரேனும் உண்டா?

சர் ஜெஃப் பால்மரைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 1940ஆம் ஆண்டு ஜமைக்காவில் பிறந்து, சிறுவனாக லண்டனுக்கு வந்தவர். முதுகலைப் படிப்புக்கான நேர்காணல் ஒன்றில், ஊருக்குத் திரும்பிப்போய் வாழை பயிரிடும்படி தமக்கு அறிவுரை சொன்னார்கள் என்று பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் செய்தது இதுதான்: மால்ட் தயாரிக்க வாற்கோதுமையை நனைத்து முளைக்கவைப்பார்கள். மாவுச்சத்து இளகுவதற்கு முளைக்கும் பக்கத்திலிருந்து தூண்டுதல் போய்ச்சேர வேண்டும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். தானியத்தின் மேல்தோலை லேசாக உராய்ந்துவிட்டால், வளர்ச்சி ஊக்கி மறுமுனை வழியாகவும் உள்ளே நுழையும், மணி இருபுறமிருந்தும் ஒருசேர இளகும், நாட்களும் மிச்சமாகும் என்று பால்மர் கண்டார். பிரிட்டிஷ் ஆலைகள் இந்த உராய்வு முறையைப் பெரிய அளவில் கையாண்டன. எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1989ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் முதல் கறுப்பினப் பேராசிரியரானார். பீர் ரசிகர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது வேறு கேள்வி.

கிராஃப்ட் பீர் அலைக்கு முன் கறுப்பினத்தவர் ஆலை நடத்தியதுண்டா?

உண்டு. அலபாமாவில் பிறந்து, மில்வாக்கியின் பாப்ஸ்ட் ஆலையில் வேலை பார்த்துவந்த தியோடர் மாக், முதலில் பிளாட்ஸ் என்ற பீரின் உரிமையை வாங்க ஒரு குழுவைத் திரட்டிப் பார்த்தார், அது கைகூடவில்லை. 1970ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்கோஷ் ஊரில் பீப்பிள்ஸ் புரூவிங் கம்பெனியை வாங்கினார். ஊரோ ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் ஊர். உரிமையாளர் மாறிய செய்தி பரவியதும் உள்ளூரில் விற்பனை சரிந்தது. மாக் பீரின் செய்முறையையும் மாற்றவில்லை, பழைய தொழிலாளர்களையும் நீக்கவில்லை. அப்படியிருந்தும், நேற்றுவரை அதே பீரைக் குடித்துவந்தவர்களில் பலருக்கு அது கசந்துபோயிற்று. வெளியூர்ச் சந்தைகளில் பெரிய நிறுவனங்களின் விலைக்குறைப்போடு மோத முடியவில்லை. அரசு ஒப்பந்தங்களுக்கும் முயன்று பார்த்தார், கிடைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது.

நல்ல பீர் தன்னைத்தானே விற்றுக்கொள்ளும் என்று இந்தத் தொழிலில் அடிக்கடி சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் ஆஷ்கோஷ் கதையைச் சொல்வது என் வழக்கம்.

சட்டத்தில் தடை இல்லாதபோது வழி எங்கே அடைபடுகிறது?

இந்தப் பக்கத்திலேயே மிகுந்த கவனம் கோரும் கேள்வி இதுதான் என்பேன். யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை. வாசலுக்கு வந்துசேரும் பாதைதான் சிலருக்கு மட்டும் தெரிந்த பாதையாக இருக்கிறது.

வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய அரசு 1978ஆம் ஆண்டு அனுமதித்தது. இன்றைய ஆலை உரிமையாளர்களில் பலர் அந்த வீட்டுக் காய்ச்சலில் தொடங்கியவர்கள். அதற்குக் கொல்லைப்புறமோ கார் நிறுத்துமிடமோ உள்ள சொந்த வீடு, சனிக்கிழமை முழுவதையும் செலவிடத் தோதான வேலை, கெட்டுப்போன பத்துப் பானையைச் சாக்கடையில் கொட்டினாலும் வலிக்காத கையிருப்பு ஆகிய மூன்றும் வேண்டும். கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுக்கடன் மறுக்கப்பட்ட பல பத்தாண்டுகள் இந்த முதல் படியிலேயே வந்து நிற்கின்றன.

அடுத்த படி வேலை. ஆலையில் கடைநிலை வேலை என்றால், காய்ச்சி முடிந்த கொப்பரைக்குள் குனிந்து, ஆவி பறக்கும் ஈரச் சக்கையை மண்வாரியால் வாரி வெளியே தள்ளுவது, பீப்பாய்களைக் கழுவுவது, தரையைக் காரம் போட்டுத் தேய்ப்பது. சம்பளம் குறைவு. பல இடங்களில் இதற்கே விளம்பரம் கொடுப்பதில்லை. வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கத்தில் பழகிய பையன், விழாவில் கூலியில்லாமல் உதவிக்கு வந்தவன், பாரில் தினமும் உட்கார்ந்திருப்பவன் என்று பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. தெரிந்தவரையே சேர்த்தால், ஏற்கெனவே இருப்பவர்களைப் போன்றவர்களே வந்துகொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, பணம். சிறிய ஆலைக்கும் பல லட்சம் டாலர் முதல் வேண்டும். வங்கியின் முன் போய் நிற்பதற்கு முன்பே மாமனார், சித்தப்பா, பழைய முதலாளி என்று சொந்தபந்தத்தில் திரட்டும் பணமே பெரும்பாலும் அடித்தளம். அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வரிசையின் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். சித்தப்பாவிடம் இருந்தால்தானே கொடுப்பார்?

இதனால்தான் கறுப்பினத்தவரின் பீர்ப் பெயர்கள் பலவும் சொந்த ஆலை இல்லாமல், பிறர் ஆலையில் ஒப்பந்தத்துக்குக் காய்ச்சித் தொடங்கியிருக்கின்றன. அப்படிக் காய்ச்சினால் லாபத்தில் ஒரு பங்கு ஆலைக்காரருக்குப் போகிறது. லாபம் கூடுதலாக நிற்கும் டேப்ரூம் விற்பனையும், அதாவது ஆலையிலேயே ஊற்றிக்கொடுக்கும் விற்பனையும், கைக்கு எட்டுவதில்லை.

வாடிக்கையாளராகப் போகிறவருக்கு என்ன நேர்கிறது?

பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் ஒரு சிறு விஷயம் நடக்கும். ஒருமுறை ஓர் ஆலையின் டேப்ரூமில் நான் கசப்பு மிகுந்த ஸ்டவுட் என்ற கறுநிறப் பீர் ஒன்றைக் கேட்டேன். பரிமாறிய இளைஞர் மிகுந்த அன்போடு, "இது கொஞ்சம் கடுமையாக இருக்கும், பழச்சுவை உள்ள இதை முதலில் பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு சின்னக் குவளையில் மாம்பழ நிறத்தில் எதையோ ஊற்றி நீட்டினார். எனக்கு அடுத்து நின்ற வெள்ளைக்காரர் அதே ஸ்டவுட்டைக் கேட்டார். மறுபேச்சின்றி அவருக்குக் குவளை நிறைந்தது. இதைப் புகாராக எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. கறுப்பின நண்பர்கள் இதைவிட மிகக் கனமானவற்றைச் சொல்வார்கள்.

இது நீதிமன்றம் வரை போனதுண்டா?

2018ஆம் ஆண்டு மிச்சிகனின் பெரிய பீர் நிறுவனமான ஃபவுண்டர்ஸ் மீது, அங்கே வேலை பார்த்த கறுப்பின ஊழியர் ஒருவர் இனப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2019 அக்டோபரில் வழக்கின் வாக்குமூலம் ஒன்று வெளியே கசிந்தது. ஊழியர் கறுப்பினத்தவர் என்பது தெரியுமா என்று கேட்டதற்கு, மேலாளர் ஒருவர் நேராகப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டே போனார். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கறுப்பினத்தவர் என்பது தெரியுமா என்று கேட்டபோதும் தாம் அவரைச் சந்தித்ததில்லை என்றார். நாடே அதைப் படித்துச் சிரித்தது, பிறகு கோபப்பட்டது. பல கடைகள் அந்தப் பீரை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. அந்த மாத இறுதியிலேயே வழக்கு சமரசத்தில் முடிந்தது.

'பிளாக் இஸ் பியூட்டிஃபுல்' என்பது என்ன?

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு, டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் வெதர்ட் சோல்ஸ் ஆலையின் பீர் வல்லுநரான மார்கஸ் பாஸ்கர்வில் தொடங்கிய முயற்சி. இம்பீரியல் ஸ்டவுட் வகையில் ஒரு செய்முறையையும் லேபிள் வடிவமைப்பையும் அவர் பொதுவில் வைத்தார். விரும்பிய ஆலை அதைக் காய்ச்சலாம், தன் கைவண்ணத்தையும் சேர்க்கலாம். வரும் பணத்தைக் காவல்துறைச் சீர்திருத்தத்திற்கும் சட்ட உதவிக்கும் பாடுபடும் உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும். 50 மாநிலங்களிலும் பல நாடுகளிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்தன.

ஒரே பெயரில் ஆயிரம் ஆலை காய்ச்சியது இந்தத் தொழிலில் அரிய காட்சி. பணமும் உண்மையாகவே போய்ச்சேர்ந்தது. ஆனால் கேனில் கறுப்பு அழகு என்று அச்சிட்ட ஆலைகளில் எத்தனை, அடுத்த ஆண்டு தங்கள் கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவரை நிறுத்தின என்று கேட்டால், பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். நீண்டகாலப் பணிக்கு உறுதிகொள்ள வேண்டும் என்பதும் பாஸ்கர்வில் முதலிலேயே வைத்த நிபந்தனைகளில் ஒன்று. அது மறந்துபோனதற்கு அவர் பொறுப்பில்லை.

நீடித்து நிற்கும் முயற்சிகள் எவை?

புரூக்ளின் புரூவரியில் 1994 முதல் தலைமைப் பீர் வல்லுநராக விளங்கும் காரெட் ஆலிவர், 2020ஆம் ஆண்டு ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். மறைந்த ஆங்கிலேய பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சனின் பெயரில் அமைந்த அது, வெள்ளையரல்லாதவர்கள் பீர் காய்ச்சவும் சாராயம் வடிக்கவும் முறையாகக் கற்பதற்குக் கல்விக் கட்டணம் கொடுக்கிறது. பீர்ப் படிப்புக்கான விருதுக்கு ஜெஃப் பால்மரின் பெயரும், வடிப்புப் படிப்புக்கான விருதுக்கு நேதன் கிரீனின் பெயரும் இடப்பட்டிருக்கின்றன. கிரீன், ஜாக் டேனியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்த அடிமை. இந்த முயற்சியை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பேன்: சான்றிதழோடு வருபவரைத் தெரிந்தவர் இல்லை என்று ஒதுக்குவது கடினம்.

பிட்ஸ்பர்கில் 2018ஆம் ஆண்டு ஃபிரெஷ் ஃபெஸ்ட் என்ற பெயரில் தொடங்கிய கறுப்பினப் பீர் விழா பின்னர் பேரல் அண்ட் ஃப்ளோ என்ற பெயரைப் பெற்றது. கறுப்பின ஆலைகளுக்கென்று ஒரு தேசியச் சங்கம் 2023ஆம் ஆண்டு உருவானது. நியூயார்க்கில் ஹார்லெம் புரூவிங்கை 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கிய செலெஸ்ட் பீட்டி, இவை எதுவும் இல்லாத காலத்தில் தனியாக நடந்தவர்.

ஓர் இனத்தவருக்கு மட்டும் நிதி ஒதுக்குவது சட்டப்படி செல்லுமா?

அமெரிக்காவில் இப்போது இது வழுக்குப் பாறை. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் மானியம் வழங்கிய ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற நிதியத்துக்கு எதிராக 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. செப்டம்பரில் அந்த மானியத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். பீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் இனத்தை வெளிப்படையாகத் தகுதியாக வைக்கும் எந்தத் திட்டமும் இனி வழக்கறிஞரைக் கேட்காமல் விண்ணப்பப் படிவத்தை அச்சிடாது.

கறுப்பினத்தவர் தவிர மற்றவர்கள்?

நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் ஷைலா ஷெப்பர்ட், மிஸ்ஸி பெகே என்ற இரு பூர்வகுடிப் பெண்கள் 2016ஆம் ஆண்டு போ அண்ட் ஏரோ என்ற ஆலையைத் திறந்தார்கள். 2021ஆம் ஆண்டு அவர்கள் தொடங்கிய 'நேட்டிவ் லேண்ட்' முயற்சியில் சேர்ந்த ஆலைகள், தாங்கள் நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடிக்கு உரியது என்பதை லேபிளிலேயே எழுதின.

நம்மவருக்குத் தொடர்புள்ள ஒன்றும் உண்டு. இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகையின் பெயர், ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்த தம் ஆட்களுக்குக் கப்பலில் அனுப்பிய பீரின் பெயரிலிருந்து வந்தது. அந்த 'இந்தியா' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, பிள்ளையாரையும் சிவனையும் லேபிளில் வரைந்த அமெரிக்க ஆலைகள் ஒன்றிரண்டு அல்ல. கேட்டால் மரியாதைக்காகத்தான் என்பார்கள். அந்தப் படத்தை வரையும்போது அறையில் இந்தியர் ஒருவர் இருந்திருந்தால், பூஜையறைப் படம் பீர் பாட்டிலில் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

தொழிலே தள்ளாடும் நேரத்தில் இதற்கு இடம் உண்டா?

2024ஆம் ஆண்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் முதல்முறையாக, புதிதாகத் திறந்த ஆலைகளைவிட மூடியவை அதிகம். கையிருப்பு குறைந்தவர்கள் முதலில் விழுவார்கள் என்பதால், பிந்தி வந்த கறுப்பின ஆலைகளுக்கு இது கூடுதல் அடி. மறுபுறம், பழைய வாடிக்கையாளர்களுக்கு வயதாகிவருகிறது. முப்பது ஆண்டுகளாக அழைக்காமல் விட்ட தெருக்களில்தான் புதிய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கணக்குப்பிள்ளைகளுக்கே இது புரிய வேண்டும்.

ஓர் ஆலை உடனே செய்யக்கூடியது எது?

சக்கை வாரும் வேலைக்கும் பொது விளம்பரம் கொடுப்பது. அதில் சம்பளத்தை எழுதுவது. கூலியில்லா உதவியாளர் என்ற ஏற்பாட்டை நிறுத்துவது. வேலையில் சேர்ந்தவரின் படிப்புச் செலவை ஏற்பது. ஆதரவைக் காட்டும் சுவரோவியத்தைப் பிறகு வரையலாம்.

கடையில் பீர் வாங்கும் நான் கவனிக்க வேண்டியது?

கேனின் லேபிளில் பொடி எழுத்தில், எங்கே யாரால் காய்ச்சப்பட்டது என்று பெரும்பாலும் இருக்கும். கறுப்பினத்தவரின் பெயர் கொண்ட பீரில் வேறோர் ஆலையின் ஊர் அச்சாகியிருந்தால், ஏமாற்று என்று நினைத்துக் கீழே வைத்துவிடாதீர்கள். சொந்தக் கொப்பரைக்கு இன்னும் பணம் சேராதவரின் ஒப்பந்தச் சரக்காக அது இருக்கக்கூடும்.